ராமநாதபுரத்து வெயில் எங்கே போகிறது?

சித்திரை முதல் தேதியையொட்டி, மதியம் 12 மணி 13 நிமிட வாக்கில், பாம்பன் கடற்கரையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டால் அதற்கு நிழலே இருக்காது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும் நேரம் அது. சரியாக 12 மணிக்கு வராமல் பதின்மூன்று நிமிடம் பிந்தி வருவது சூரியனின் தவறல்ல. நம் கடிகாரம் காட்டுவது வடக்கே, உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கம் ஓடும் தீர்க்கரேகையின் நேரம். பாம்பன் அதற்கு மேற்கே இருக்கிறது. ஆவணியில், ஆகஸ்ட் மாதக் கடைசியில், இன்னொரு முறை இதே மாதிரி நிழல் காணாமல் போகும். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மதிய நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும்.

வருஷத்துக்கு இரண்டு முறை சூரியன் தலைக்கு மேல் வந்து போகிற ஊர். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள மார்கழி விடியற்காலைகள் மட்டும் உண்டு. வெயிலுக்குக் குறைவில்லை. தண்ணீருக்கும் குறைவில்லை: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு இவை வடகடலும் தென்கடலும். கடலை வெயில் காய்ச்சினால் ஆவி எழும், ஆவி மேகமாகும், மேகம் மழையாகும் என்றுதான் மூன்றாம் வகுப்பில் எல்லோரும் படித்தோம். அந்தக் கணக்குப்படி ராமநாதபுரத்தில் சிரபுஞ்சி மாதிரி மழை கொட்ட வேண்டும். நடப்பதோ வேறு. அரசு ஊழியரை மிரட்டுவதற்குத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று சொல்லும் அளவுக்கு இந்த மாவட்டத்துக்குப் பேர் கெட்டுக் கிடக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் மழை. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதங்களில்.

ஆக, எவ்வளவு வெயில் விழுகிறது என்று மட்டும் பார்த்தால் இந்தக் கரை புரியாது. விழுந்த வெயில் எதில் செலவாகிறது, எந்த ஊரில் போய்ச் செலவாகிறது என்று பார்த்தால்தான் உப்பளம், கண்மாய், ஆடிக்காற்று, புயல், பவளப்பாறை எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வரும்.

வரவு

சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து கிளம்பிய ஒளி இங்கே வந்து சேர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. வளிமண்டலத்தின் உச்சியில், சூரியனைப் பார்த்தபடி இருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 1,361 வாட் கிடைக்கிறது. பூமி உருண்டை, அதில் பாதி எப்போதும் இருட்டில் கிடக்கிறது. எனவே பூமி முழுவதுக்கும் பகிர்ந்து பார்த்தால் சதுர மீட்டருக்கு 340 வாட்தான் தேறும். அதிலும் நூற்றுக்கு முப்பது பங்கை மேகங்களும் பனிப்பரப்புகளும் வெளிறிய மணலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சம் 240 வாட். காற்று, அலை, மழை, பனைமரம், நெத்திலி எல்லாம் இந்த 240 வாட்டில் பிழைப்பவை. பூமியின் வயிற்றிலிருந்து மேலே கசிந்து வரும் வெப்பம் சதுர மீட்டருக்குப் பத்தில் ஒரு வாட்கூட இல்லை. கடல் ஏறி வற்றுவது மட்டும் விலக்கு. அது பெரும்பாலும் நிலாவின் வேலை. சூரியனுக்கு அதில் பங்கு உண்டென்றாலும் அது ஈர்ப்பு விசையால் வருவது, வெயிலால் அல்ல.

சூரியன் பக்கத்தில் வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று நினைப்பவர்கள் நிறைய. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நம் மார்கழியில். அப்போது தூரம் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்தும் மார்கழியில்தான் நாம் காதைச் சுற்றித் துண்டு கட்டுகிறோம். பருவத்தைத் தீர்மானிப்பது பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. மார்கழி மதியத்தில் நம் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே சரிந்து நிற்கிறது. அதே வெயில் அதிக நிலத்தில் பரவி விழுவதால் சூடு குறைகிறது. நமக்கே இப்படியென்றால் டெல்லிக்காரருக்கு இன்னும் மோசம். வடக்கு குளிர்வதும் தெற்கு சூடாகவே இருப்பதும்தான் நம் வடகிழக்குப் பருவமழையைக் கிளப்பிவிடுகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் நாளொன்றுக்குச் சராசரியாக விழும் வெயிலில் சுமார் ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. வீட்டு மின்மீட்டரில் ஓடும் அதே யூனிட். ஒரு சென்ட் இடத்துக்கு, அதாவது 40 சதுர மீட்டருக்கு, தினமும் 220 யூனிட். இனிமேல் செலவுக் கணக்கை இதை வைத்தே பார்க்கலாம்.

கரையில் ஒரு செலவு, கடலில் ஒரு செலவு

கடலிலிருந்து தள்ளியிருக்கும் கமுதியின் கரிசல் மண்ணிலும் பாக் விரிகுடாவின் நீரிலும் ஒரே அளவு வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரிசல் அதை அப்படியே விழுங்கிவிடும். ஆனால் சூடு சில அங்குலத்துக்குக் கீழே இறங்காது. ஈரமும் இல்லாததால், வந்த வெயிலெல்லாம் மேல் மண்ணைச் சுடுவதிலும் அதன் மேலுள்ள காற்றைச் சுடுவதிலும் போகிறது. மதியம் செருப்பில்லாமல் நடக்க முடியாது. நள்ளிரவில் அதே மண் ஆறிக் கிடக்கும்.

கடலில் கதை வேறு. ஒளி நீருக்குள் பல மீட்டர் இறங்குகிறது. அலை மேல்நீரைக் கீழே தள்ளிக் கலக்குகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ மணலுக்கு ஆவதைப் போல ஐந்து மடங்கு வெப்பம் தேவை. இது எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் தன்மேல் விழும் வெயிலின் பெரும் பகுதியைச் சூடேறுவதற்குச் செலவழிக்காமல் ஆவியாவதற்குச் செலவழிக்கிறது. அதனால்தான் மதுரை 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் நாளில் பாம்பன் வழக்கமாக 34, 35 என்று நின்றுகொள்கிறது. வெயில் குறைவு என்பதால் அல்ல. அந்த வெயில் தெர்மாமீட்டரில் தெரியாத வழியில் போய்விடுகிறது.

காலை பத்து, பதினோரு மணிக்குள் தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று லேசாகி மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மதியத்துக்கு மேல் ராமநாதபுரம் ஊருக்குள் உயிர் திரும்புவது இந்தக் கடற்காற்றால்தான். இரவு தரை கடலைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். காற்றும் திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்குப் போகும். இன்ஜின் வராத காலத்தில் பாய் கட்டிய வல்லங்கள் விடியுமுன் கரைக்காற்றில் வெளியே போய், மதியம் கடற்காற்றில் வீடு திரும்பின. டீசல் செலவில்லாத போக்குவரத்து.

இரவைப் பற்றி ஒரு விஷயம். பகலில் வாங்கிய வெப்பத்தைப் பூமி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அந்தக் கதிரில் ஒரு பகுதியை வாங்கிக் கீழேயும் திருப்பி அனுப்புகின்றன. இந்த வாயுக்கள் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி. இருப்பதால் சுமார் 15 டிகிரி. இதை விளங்கிக்கொள்ளப் பாடப்புத்தகம் தேவையில்லை. மே மாதத்தில் ஒரு இரவு ராமேஸ்வரத்திலும், தை மாதத்தில் ஒரு இரவு கமுதியிலும் மொட்டை மாடியில் படுத்தால் போதும். முதல் ஊரில் காற்று முழுக்க நீராவி, விடிகாலையிலும் 27 டிகிரியைவிட்டு இறங்க மறுக்கும். இரண்டாவதில் வறண்ட, தெளிந்த வானம். வெப்பம் தடையில்லாமல் மேலே போய்விடும், விடியும்போது போர்வையைத் தேட வேண்டியிருக்கும்.

உப்பு என்றால் எத்தனை யூனிட்?

வெயில் எங்கே செலவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தென்கடல் கரையில் இருக்கும் வாலிநோக்கம் போக வேண்டும். தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனம் 1974இல் தொடங்கப்பட்டது. அதன் உப்பளம் அங்கேதான் விரிந்து கிடக்கிறது.

1,000 லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. சமையலுக்கு ஆகும் உப்பு அதில் 27 கிலோ. மற்றவை மெக்னீசியம், சல்பேட், கால்சியம் வகையறா. முதல் பாத்தியில் விடும்போது நீரின் அடர்த்தி மூன்று டிகிரி என்று மானி காட்டும் (இது சூட்டின் டிகிரி அல்ல, பொமே என்ற அடர்த்தி அளவு). பாத்தி பாத்தியாக நகர்த்தும்போது முதலில் சுண்ணாம்பு வகை படியும், பிறகு ஜிப்சம். 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். முப்பதை நெருங்கவிடாமல் மிச்ச நீரை வெளியே திறந்துவிட வேண்டும். விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். இத்தனையும் அடுப்பே இல்லாமல் நடக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான, சுமார் 0.67 யூனிட் ஆற்றல் தேவை. ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் கடல்நீர் வேண்டும்; அதில் 36 லிட்டராவது ஆவியாகிப் போக வேண்டும். ஆக, ஒரு கிலோ உப்பில் 24 யூனிட் வெயில் செலவாகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இந்த வேலையைச் செய்தால் நாலு கிலோ உப்புதான் கிடைக்கும். மளிகைக் கடையில் இவ்வளவு மலிவான பொருளில் இவ்வளவு ஆற்றல் கொட்டப்பட்டிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

இதே வெயிலை மின்சாரமாக்கும் முயற்சி கமுதியில் 2016இல் வந்தது. சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த நிலத்தில் விழும் மொத்த வெயிலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் கம்பி வழியே வெளியே போகிறது. பலகைகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும், பலகையே ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், மேகம், தூசி என்று ஒவ்வொன்றாகக் கழிந்துவிடும். உப்புப் பாத்தியோ தன்மேல் விழுவதில் பாதிக்கு மேல் ஆவியாக்கத்தில் இறக்கிவிடுகிறது. எந்தத் தொழில்நுட்பம் புதியது என்பது வேறு கேள்வி.

ஆவி எழுந்தும் மழை இல்லை

ஆவியாகிப் போன நீரோடு அந்த 0.67 யூனிட்டும் கூடவே போகிறது. அதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். ஆவி எங்கே போய்க் குளிர்ந்து மேகத் துளியாகிறதோ, அங்கேதான் அந்த வெப்பம் வெளியே வரும். ராமநாதபுரத்துக் கடல்மேல் செலவான வெயில் வேறொரு ஊரின் வானத்தில் வரவு வைக்கப்படும். இந்த மாவட்டத்தின் வறட்சிக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு மாற்றம்தான்.

காற்றில் ஈரம் இருப்பது மட்டும் மழைக்குப் போதாது. ஈரக்காற்று மேலே ஏற வேண்டும், ஏறிக் குளிர வேண்டும். ஏற்றிவிட ஒரு மலையோ, குறைந்த காற்றழுத்தமோ, எதிரெதிரே மோதும் இரண்டு காற்றுகளோ தேவை. நம் கரை மட்டத்தரை. ஏற்றிவிட ஒன்றுமே இல்லை. சித்திரை, புரட்டாசி மாலைகளில் கடற்காற்று உள்ளே போய் மேற்கிலிருந்து வரும் காற்றோடு முட்டும் நாளில், இடியும் மழையும் சிவகங்கை, மானாமதுரை பக்கம் விழும். கரையில் உட்கார்ந்து மின்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை இன்னும் மோசம். அப்போது சூரியன் வடக்கே போய், வட இந்தியாவையும் திபெத் பீடபூமியையும் காய்ச்சுகிறது. அங்கே அழுத்தம் குறைய, இந்தியப் பெருங்கடலிலிருந்து காற்று தென்மேற்குத் திசையிலிருந்து ஓடி வருகிறது. அது முதலில் முட்டுவது மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனைமுடி மட்டும் 2,695 மீட்டர். ஏறும்போது குளிர்ந்து, கையில் இருந்த ஈரத்தையெல்லாம் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது, ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு டிகிரி. ஈரம் போய்விட்டது, சூடு கூடிவிட்டது. நம் ஊரில் கச்சான் காற்று என்பது இதுதான். வானத்தில் மேகம் தெரியும். ஓடிக்கொண்டே இருக்கும், பெய்யாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற பழமொழி இங்கே பெரிய மிகையில்லை. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காமல் இருந்தது. அந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிப்பதால் நாட்டுப்படகுக்காரர்கள் வடகடல் பக்கம் தொழிலை மாற்றிக்கொள்வதும் உண்டு.

உலகம் முழுவதிலும் பூமி வாங்கிக்கொள்ளும் வெயிலில் காற்றாக மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த ஒன்றிரண்டே இவ்வளவு.

செப்டம்பர் 23க்குப் பிறகு சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. வடக்கே நிலம் சீக்கிரம் ஆறுகிறது. வங்கக் கடல் ஆற மறுக்கிறது. கடலுக்கு அந்தப் பிடிவாதம் உண்டு. காற்றின் திசை புரள்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடை, சூடான கடலின் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி ஈரத்தை அள்ளிக்கொண்டு, வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டுக் கரையில் இறங்குகிறது. சித்திரை, வைகாசியில் வங்கக் கடல் சேர்த்து வைத்த வெயிலில் ஒரு பகுதியை ஐப்பசியில் மழையாக வாங்குகிறோம் என்று சொன்னால் தப்பில்லை. இதிலும் ராமநாதபுரத்துக்கு ஓரவஞ்சனை உண்டு. கோடியக்கரையைத் தாண்டியதும் கரை மேற்கே உள்வாங்கிவிடுகிறது. கிழக்கே இலங்கை குறுக்கே நிற்கிறது. நாகப்பட்டினத்துக்கு வாய்ப்பது போலத் திறந்த வங்கக் கடல் நமக்கு நேர் எதிரே இல்லை. அங்கே 1,300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, இங்கே 800 சொச்சம்.

ஐம்பது நாள் வெயில் ஒரே நாளில்

பெய்தால் எப்படிப் பெய்யும் என்பதற்கு 2024 நவம்பர் 20ஆம் தேதியைச் சொல்லலாம். ராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. ஆண்டு மழையில் பாதி. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 410 லிட்டர். அத்தனை நீராவியும் துளியானபோது மேலே வெளியான வெப்பம் சதுர மீட்டருக்கு 275 யூனிட். நம் ஐந்தரை யூனிட் கணக்கில் வகுத்தால், ராமேஸ்வரத்தின் மேல் ஐம்பது நாள் விழும் வெயில். அது ராமேஸ்வரத்து வெயில் இல்லை என்பது வெளிப்படை. சுற்றிலும் பரந்த கடற்பரப்பில் பல நாளாகச் செலவான வெயிலை ஒரு குட்டித் தீவின் மேல் கொண்டுவந்து ஒரே நாளில் தீர்த்துவிட்டது காற்று.

புயலும் இதே விதியில் ஓடுவதுதான். கடலின் மேல்நீர் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரியாவது விலகியிருக்க வேண்டும். அப்போதுதான் பூமியின் சுழற்சி காற்றைச் சுருட்டிவிடும். ஆவி ஏறுகிறது, துளியாகிறது, வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பத்தில் காற்று இன்னும் வேகமாக ஏறுகிறது. கீழே அழுத்தம் குறைந்து, இன்னும் அதிக ஈரத்தை உள்ளே இழுக்கிறது. சூடான கடல் காலுக்குக் கீழே இருக்கும்வரை இதற்கு நிறுத்தம் இல்லை.

1964 டிசம்பர் நடுவில் அந்தமான் பக்கம் உருவான தாழ்வுநிலை இலங்கையின் வட பகுதியைக் கடந்து டிசம்பர் 22 இரவு பாக் நீரிணைக்குள் வந்தது. தனுஷ்கோடியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்: ஊர் போனது, பாம்பனிலிருந்து போன பயணி ரயில் 100க்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. காற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். கொன்றது பெரும்பாலும் தண்ணீர். இந்தக் கடல் ஆழமற்றது. ஆழக்கடலில் காற்று தள்ளும் நீர் அடியில் திரும்பி ஓட இடம் இருக்கும்; ஆழமில்லாத இடத்தில் அந்த வழி இல்லை, நீர் கரையில் ஏறுவதைத் தவிர வேறு போக்கு கிடையாது. எதிர்மாதிரியான சம்பவமும் உண்டு. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் கரைக்கு அருகில் வலுவிழந்து அப்படியே நின்றுவிட்டது.

அடித்தரை வரை இறங்கும் ஒளி

ஆழமின்மை தரும் நன்மையும் ஒன்று இருக்கிறது. ஒளி தரைவரை போகிறது. பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளும், அதை மேயும் ஆவுளியா என்கிற கடற்பசுவும், மன்னார் வளைகுடாவின் பாசிகளும் பவளப்பாறைகளும் இதனால்தான் இங்கே இருக்கின்றன. உலகளவில் செடிகொடிகளும் பாசிகளும் ஒளிச்சேர்க்கையில் பிடித்துக்கொள்வது வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உயிர்கள் ஏறக்குறைய எல்லாமே அதில்தான் சாப்பிடுகின்றன. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசி முதல் ஏலக்கடைக்கு வரும் சீலா மீன் வரை எல்லாம் அந்தப் பங்குக்குள் அடக்கம்.

பவளம் விலங்குதான். ஆனால் அதன் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலில் சர்க்கரை செய்து வாடகையாகக் கொடுக்கின்றன. பவளத்தின் உணவில் பெரும் பகுதி அப்படி வருவது. நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால், அந்தப் பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளையாகும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் நடந்தது இது.

எப்போது நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஏப்ரல், மே, ஜூன். சூரியன் உச்சியில், காற்று மந்தம், கடல் கண்ணாடி மாதிரி தெளிவு. விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கட்டிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அதே 61 நாள். பிறகு கச்சான் கிளம்பிக் கடலைக் கலக்கி ஆவியாதலைக் கூட்டிவிடும், நீர் குளிரும். வயலுக்கு ஒரு சொட்டு மழை தராத அதே வறட்டுக் காற்று, 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்துக்கு மருந்து. கச்சான் தாமதித்தால் அந்த வருஷம் பாறை வெளுக்கும்.

வரவு கூடவில்லை

டீக்கடையில் எல்லோரும் சொல்வது ஒன்று: "வெயிலு முன்ன மாதிரி இல்லப்பா, சூரியனே கிட்ட வந்த மாதிரி இருக்கு." பாதி சரி. சூடு கூடியிருக்கிறது. சூரியன் அதற்குக் காரணம் இல்லை. 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குவதைத் தவிர, வரவில் ஏற்றம் இல்லை. மாறியிருப்பது வெளியே போகும் பக்கம். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வந்த 240 வாட்டில் ஏறக்குறைய ஒரு வாட் திரும்பிப் போகாமல் தங்கிவிடுகிறது. கேட்க அற்பம். பூமி முழுவதும், இரவு பகல் பாராமல், வருஷக்கணக்கில் தங்குகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள் போகிறது. புயலுக்கும் பவளத்துக்கும் அந்தக் கடல்தான் ஆதாரம் என்பதை மேலே பார்த்தோம்.

இன்னொரு விளைவும் உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிக ஈரத்தை ஏந்திக்கொள்ளும். அதிக நேரம் வைத்துக்கொண்டிருந்து, விடும்போது மொத்தமாக விடும். நடுவில் வறண்ட நாள் நீளும், பெய்யும் நாளில் வெள்ளம். குண்டு மிளகாய்க்கு இது தலைவலி. புவிசார் குறியீட்டை 2023இல் வாங்கிய இந்த மிளகாய், ஐப்பசி மழையில் வளர்ந்து, மாசி, பங்குனி வெயிலில் களத்தில் காய்ந்து நிறமெடுக்கும்படி இந்தக் காலக்கணக்குக்கே பழகிய பயிர். காயப்போட்ட நேரத்தில் ஒரு மழை வந்தால் பழம் வெளுத்துச் சோடையாகும், விலை பாதியாகும். உப்பளத்திலும் அதே கதி. பூத்த உப்பு கரைந்தால் மறுபடி 25 டிகிரிக்கு ஏற்ற வேண்டும்.

மூன்று மாத வரவை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும் என்பதால்தான் இங்கே கண்மாய்கள் வெட்டினார்கள். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் முடிகிறது. அது நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை பக்கம் கடலைப் பார்க்கும். ஆனால் கண்மாயும் ஒருவகை உப்புப் பாத்திதான், நல்ல தண்ணீர் நிற்கும் பாத்தி. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தாலும் தை முதல் ஆனி வரை ஆறு மாதத்தில் 90 சென்டிமீட்டர். அகலமாகவும் ஆழமில்லாமலும் கிடக்கும் கண்மாயில் பாசனத்துக்கு ஒரு மடையும் திறக்காமலே பாதித் தண்ணீர் வெயிலுக்குப் போய்விடும். வண்டல் சேர்ந்து மேடான கண்மாயில் நிலைமை இரட்டிப்பு மோசம்: 41 சென்டிமீட்டர் மழை நாளில் கலுங்கு என்கிற உபரிநீர் வாயில் வழியே கடலுக்குப் போவதும் அதிகம், தங்கிய ஆழமற்ற நீர் சூடாகி ஆவியாவதும் விரைவு. தூர்வாருவது பற்றிய பேச்சில் கனமீட்டர் கணக்கும் டெண்டர் கணக்கும் வரும், வெயில் கணக்கு வருவதில்லை. ஒரு அடி வண்டலை எடுத்தால் கண்மாயில் கூடுதலாக நிற்கும் 30 சென்டிமீட்டர் நீர், இரண்டு மாத வெயிலுக்கு ஈடு. அந்த வண்டலை விவசாயிகள் வயலுக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள அரசாணையும் இருக்கிறது. வைகாசிக்குள் எடுத்தால்தான் உண்டு, ஐப்பசிக்குப் பிறகு டிராக்டர் உள்ளே இறங்காது.